பத்தடிப் பலகையும் ஒரு வட்ஸ்அப் படமும்: மருதமுனைக் கைத்தறிக் கடை ஒன்றுக்கு நான் கொடுத்ததும் கொடுக்காமல் விட்டதும்

பலகை பத்தடி அகலம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். கடை லோகோவுக்கு நான் வரைந்த தறி நாடாவின் (நூலைக் கொண்டு தறியில் குறுக்கே ஓடுகிற கட்டையின்) விளிம்பு மரம் அறுக்கிற வாள் மாதிரிப் பல்லுப் பல்லாக நின்றது. "என்னத்துக்கு தம்பி இது இப்பிடி இருக்கு?" என்று கடைக்கார ராத்தா (எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் சொல்வார்கள்) கேட்டார். அவருக்குக் கோபம் இல்லை. பெயர்ப்பலகை என்றால் இப்படித்தான் வரும் போல என்று நினைத்துக் கேட்கிறார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இது 2024 தொடக்கத்தில். அன்று பின்னேரம் மட்டக்களப்புக் கல்லடிக்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்தே இந்தக் கணக்கை எழுதத் தொடங்கினேன். ஒரு டிசைனர் வாடிக்கையாளர் கையில் உண்மையில் எதைக் கொடுக்கிறார் என்ற கணக்கு. கடையின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. மற்றதெல்லாம் நடந்தபடி.

முதல் முறை என்ன கொடுத்தேன்

மருதமுனையில் தறிச் சத்தத்தைக் கேட்க யாரிடமும் வழி கேட்கத் தேவையில்லை. பெரியநீலாவணை தாண்டிக் கல்முனைக்குப் போகும் வழியில் பெரிய வீதியை விட்டு உள்ளே இறங்கினால் போதும். இலங்கையின் கிழக்குக் கரையில் சாரனும் சேலையும் நெய்கிற ஊர். 2004 சுனாமி கடற்கரைப் பக்கத்தைத் துடைத்துக்கொண்டு போனபின் தறிகளை மறுபடி நட்டு எழும்பிய குடும்பங்களில் ராத்தாவின் குடும்பமும் ஒன்று. அவர் நெசவைப் பார்க்கிறார். விற்பனை, போன், பேஸ்புக் எல்லாம் அவருடைய தம்பி.

லோகோ கேட்டு அவர்கள் என்னிடம் வந்தது 2022 மார்ச்சில். அந்த மாதக் கடைசியில் கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது பலருக்கும் ஞாபகம் இருக்கும். கரண்ட் வருகிற நேரத்தில் லெப்டொப்பை ஏற்றி, வேலையை முடித்து, அடுத்த வெட்டுக்கு முன் அனுப்பிவிட வேண்டும் என்ற ஓட்டம். தறியின் நாடா ஒன்று, அதன் வாலில் இருந்து ஒரு நூல் ஓடி வந்து கடைப் பெயருக்கு அடிக்கோடாக மாறும். நாடாவில் மெரூனில் இருந்து செம்மஞ்சளுக்கு இழைகிற நிறம். எனக்கே பிடித்துப்போன வேலை. 1080க்கு 1080 புள்ளியில் ஒரு ஜேபெக் எடுத்து வட்ஸ்அப்பில் தம்பிக்கு அனுப்பினேன். "மாஷா அல்லாஹ், சூப்பர் அண்ணன்" என்று பதில் வந்தது. காசும் வந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதே மாதத்தில் பைவர் என்ற இணைய வேலைத் தளம் ஊடாக வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கும் ஒரு லோகோ செய்தேன். அவருக்குப் போனது ஒரு சிப் பைல்: வெக்டர், பிடிஎப், பின்னணி இல்லாத பிஎன்ஜி, கறுப்பு வெள்ளைப் பிரதி, மூல பைல். அந்தத் தளத்தில் என்னென்ன கொடுப்பேன் என்று நானே முன்கூட்டி டிக் போட்டு வைத்திருக்கிறேன், ஆகவே கொடுத்தாக வேண்டும். ராத்தா அப்படி எதையும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாது. கேட்காதவருக்கு ஒரு படம் போதும் என்று நான் முடிவுசெய்தேன். டொலர் தருபவருக்கு ஒரு நீதி, ஊர்க்காரிக்கு ஒரு நீதி.

அடுத்த வருடம் என் லெப்டொப்பின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. பைவர் வேலைகள் எல்லாம் அந்தத் தளத்திலேயே பத்திரமாகக் கிடந்தன. ராத்தாவின் மூல பைல் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. அதன் பிறகு அந்த லோகோவுக்கு உலகத்தில் இருந்த ஒரே பிரதி தம்பியின் போனில் கிடந்த வட்ஸ்அப் படம்.

எங்கெங்கே உடைந்தது

முதலில் அடித்தது விசிட்டிங் கார்ட். அது நன்றாக வந்தது, ஆபத்தே அங்கேதான் தொடங்கியது. மூன்றரை அங்குலக் கார்டில் 1080 புள்ளி என்றால் அங்குலத்துக்கு 300க்குச் சற்று மேல். அச்சுக்குக் கேட்கிற அளவு சரியாக அதுதான். எனவே எல்லோரும், நானும் சேர்த்து, பைல் நல்ல பைல் என்று நம்பிவிட்டோம். அதே படத்தைப் பத்தடிக்கு இழுத்தால் 120 அங்குலத்துக்கு 1080. அங்குலத்துக்கு ஒன்பது புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீற்றர்ச் சதுரம். பிளெக்ஸ் பலகையைத் தூரத்தில் நின்று பார்ப்பதால் அங்குலத்துக்கு 300 தேவையில்லை, 72 இருந்தாலே ஒப்பேற்றலாம். ஒன்பது என்றால் கடை வாசலில் நின்றாலே பல் தெரியும்.

அடுத்தது பில் புத்தகம். அந்த அச்சகத்தில் பாமினி எழுத்துருவில்தான் தமிழ் அடிப்பார்கள். எங்கள் பக்கத்து அச்சகங்களில் பாதிக்கு மேல் இன்னும் அப்படித்தான் என்பது என் அனுபவம். படத்தில் இருந்த பெயர் மங்கலாகத் தெரிந்ததால் அவர்கள் அதை அழித்துவிட்டுத் தங்கள் எழுத்தில் புதிதாக அடித்திருந்தார்கள். கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை, உதவி என்று நினைத்துச் செய்தது. விளைவு, பலகையில் ஒரு எழுத்து, பில்லில் வேறு எழுத்து. அந்த பில் பைலைத் தம்பி கேட்டு வாங்கி போனில் திறந்தபோது முழுவதும் ஆங்கிலக் குப்பை. பாமினியில் "தமிழ்" என்று அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கருவியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, பின்னால் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளே. அவற்றுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறது எழுத்துரு, போர்வையை எடுத்தால் அவ்வளவுதான்.

துணிப்பைதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. அதில் கடைப் பெயருக்குக் கீழே "மருதமுனை கைத்தறி நெசவு" என்று போடச் சொல்லித் தம்பி யுனிகோட்டில், அதாவது போன்களில் வருகிற பொதுவான எழுத்து முறையில், வட்ஸ்அப் அடித்திருக்கிறார். பை அடிக்கிறவர் அதை அப்படியே எடுத்து யுனிகோட் தமிழைச் சேர்த்துக் கோக்கத் தெரியாத ஒரு பழைய மென்பொருளில் ஒட்டியிருக்கிறார். யுனிகோட்டில் "நெ" என்பது முதலில் ந, பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படும். கொம்பைத் தூக்கி ந-வுக்கு முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. அது அந்த வேலையைச் செய்யாவிட்டால் கொம்பு பின்னாலேயே தங்கி அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். நெசவு "நசெவு" ஆனது. "கைத்தறி"யில் ஐகாரக் குறி க-வை விட்டுத் தகரத்தின் முன்னால் போய் நின்றதால் "கதை" என்று தொடங்குகிறது சொல். கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து வந்த மொத்த வியாபாரி ஒருவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன கதை இது?" என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது ராத்தா சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு வழி இல்லை.

இழைகிற நிறம் வேறு. பை அடிப்பது ஸ்கிரீன் முறையில். ஒரு சட்டத்துக்கு ஒரு நிறம். மெரூன் மெல்ல மெல்லச் செம்மஞ்சளாக மாறுவதை அதில் நேராக அடிக்க வழியில்லை, புள்ளி புள்ளியாக்கித்தான் அடிக்கலாம். அந்தப் புள்ளிகள் முரட்டுத் துணியில் அம்மைத் தழும்பு போல வந்திருந்தன.

ஐந்நூறு பை. ராத்தா அவற்றை எறியவில்லை. உட்புறத்தை வெளியே திருப்பித் தைத்து, மொத்த வியாபாரிகளுக்குச் சாரன் கட்டிக் கொடுக்க எடுத்துக்கொண்டார்.

கிராப் தாள்

அடுத்த கிழமை மறுபடி போனேன். வெக்டர், பிக்ஸல் என்று நான் தொடங்கியதும் தம்பி தலையாட்டினார், ராத்தா ஆட்டவில்லை. என் விளக்கம் எனக்கே பிடிக்கவில்லை. அவருடைய தறிக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு கிராப் தாள் குத்தியிருந்தது. சேலைக் கரைக்கு மயில். கட்டம் கட்டமாக நிரப்பிய மயில், ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கிற ஓர் இடம்.

"ராத்தா, இந்த மயிலை இதே கட்டங்களோட ஒரு பாய் அளவுக்குப் பெருப்பிச்சா எப்பிடி வரும்?"

"கட்டம் கட்டமாத் தெரியும். பெருசு வேணுமெண்டா தாளில புதுசா, கூடக் கட்டம் போட்டுத்தான் வரையோணும்." சொல்லிக்கொண்டே வாசலில் தொங்கிய பலகைப் பக்கம் திரும்பினார். "அதுதானா அது?"

அதுதான் அது. நான் அனுப்பிய ஜேபெக் ஒரு கிராப் தாள், கட்டங்களின் எண்ணிக்கை முடிந்துபோன தாள். வெக்டர் பைலில் கட்டம் கிடையாது. இந்த இடத்தில் இருந்து அந்த இடத்துக்கு இப்படி வளைந்து ஒரு கோடு என்ற கணக்கு மட்டும் இருக்கும். எந்த அளவு கேட்டாலும் கணினி புதிதாக வரைந்து தரும். பல வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். இதை இவ்வளவு சுருக்கமாக விளங்கிக்கொண்ட வாடிக்கையாளர் வேறு யாரும் இல்லை.

பதிலுக்கு அவர் எனக்கு ஒரு பாடம் சொன்னார். சாரனின் ஓரத்தில் தைக்க நெய்த லேபிள் போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. லோகோவின் அடிக்கோடாக ஓடும் அந்த மெல்லிய நூலைக் காட்டி, "இது நெய்தா வராது தம்பி. நூலை விட மெல்லிசா ஒரு கோடு நூலில நிக்குமா?" என்றார். லேபிள் ஐந்து சென்ரிமீற்றர் அகலம். அந்த அளவில் என் கோடு தலைமயிர்த் தடிப்பு. கணினித் திரையில் பெருப்பித்துப் பெருப்பித்து வரைந்ததால் எனக்கு அது தெரியவே இல்லை. பில் புத்தகத்திலும் ரப்பர் முத்திரையிலும் அந்தக் கோடு பாதி இடத்தில் அறுந்து போயிருந்ததற்கும் காரணம் அதுதான். அதை அப்போதுதான் கவனித்தேன்.

இரண்டாம் முறை என்ன கொடுத்தேன்

தானாக ட்ரேஸ் செய்யும் வசதி மென்பொருளில் இருக்கிறது. முயன்று பார்த்தேன். மங்கலான படத்தைக் கொடுத்தால் மங்கலையும் சேர்த்து வரைகிறது. நாடா கிழங்கு மாதிரி வந்தது. ஆகவே பேனாக் கருவியால் புள்ளி புள்ளியாக வைத்துப் புதிதாக வரைந்தேன், இரண்டு இரவு. நூல் கோட்டைத் தடிப்பாக்கினேன். இழைகிற நிறத்தை எடுத்துவிட்டு ஒரே மெரூன். தனி நிறத்தில் நிற்காத லோகோ முத்திரையிலும் நிற்காது, பையிலும் நிற்காது. இதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

லோகோவின் பெயர் எழுத்துக்கும் கீழ் வரிக்கும் கூகுள் எழுத்துருக்களில் இருந்து பலூ தம்பியையும் முக்தா மலரையும் எடுத்தேன். இரண்டும் திறந்த உரிமத்தில் வருபவை, வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாம், பைலோடு சேர்த்து இன்னொருவர் கையிலும் கொடுக்கலாம். யாரோ இறக்கிக் கொடுத்த, உரிமம் தெரியாத எழுத்துருவைக் கட்டி அனுப்புகிற பழக்கம் எங்களுக்குள் இருக்கிறது. விட்டுவிட வேண்டிய பழக்கம்.

பென் டிரைவ் ஒன்றில் நான்கு போல்டர். பெயர்கள் தமிழில்.

"அச்சுக்கு" என்பதில் பிடிஎப். எல்லா எழுத்தும் கேர்வ் செய்யப்பட்டது. அச்சகங்களில் "கேர்வ் பண்ணித் தாங்க" என்று கேட்பது இதைத்தான். எழுத்து எழுத்தாக இல்லாமல் வெறும் வடிவமாகிவிடும், எந்தக் கணினியில் திறந்தாலும் கொம்பு ஓடாது, பாமினியும் வேண்டாம் யுனிகோட்டும் வேண்டாம். நிறங்கள் சிஎம்வைகேயில், அதாவது அச்சின் நான்கு மைகளின் கணக்கில். கார்டுக்கும் துணியில் தொங்கவிடும் டாக் அட்டைக்கும் சுற்றிவர மூன்று மில்லிமீற்றர் மிகை விட்டது, வெட்டும் கத்தி கொஞ்சம் தள்ளினாலும் வெள்ளை ஓரம் தெரியாமல் இருக்க. அதே போல்டரில், அச்சகங்கள் பயன்படுத்துகிற கோரல் என்ற வரைகலை மென்பொருளின் பழைய பதிப்பு ஒன்றுக்கும் சேமித்து வைத்தேன். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய கோரல் திறக்காது, எங்கள் கடைகளில் ஓடுவது பெரும்பாலும் பழையது.

"போனுக்கு" என்பதில் பின்னணி இல்லாத பிஎன்ஜியும் பேஸ்புக் படங்களும். புரொபைல் படம் வட்டமாக வெட்டப்படும், ஆகவே அதற்கு நாடா மட்டும் தனியாக, பெயர் இல்லாமல்.

"ஒரே நிறம்" என்பதில் முழுக் கறுப்பும் முழு வெள்ளையும். முத்திரைக்கும் பைக்கும் கறுத்த துணியில் அடிக்கவும்.

கடைசிப் போல்டருக்குத்தான் வீட்டில் எனக்கும் எனக்கும் சண்டை. "மூலம்". திருத்தக்கூடிய பைல், எழுத்துருக்களோடு. பல டிசைனர்கள் இதைக் கொடுப்பதில்லை. கொடுத்தால் அடுத்த வேலைக்கு நம்மிடம் வரமாட்டார்கள் என்ற பயம். பைவரில்கூட மூல பைலைத் தனி விலைக்கு வைப்பவர்கள் இருக்கிறார்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை, முதலிலேயே சொல்லிவிட்டால் சரி. ஆனால் லோகோ விடயத்தில் என் எண்ணம் மாறிவிட்டது. போஸ்டரின் மூல பைலை நான் வைத்துக்கொள்ளலாம், அது அந்த வாரத்தோடு முடிகிற சாமான். லோகோ அவருடைய கடைப் பெயர். என் ஹார்ட் டிஸ்க் சாகும்போது அவருடைய பெயரும் சேர்ந்து சாகக் கூடாது.

உரிமை பற்றி ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்து வைத்தோம்: முழுக் காசும் கைக்கு வந்ததும் இந்த லோகோவின் எல்லாப் பொருளாதார உரிமையும் கடைக்கு, என் வேலைப்பாட்டுத் தொகுப்பில் காட்டும் அனுமதி மட்டும் எனக்கு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வியாபாரக் குறியாகப் பதிய அவர்கள் ஒருநாள் யோசித்தால், இது யாருடையது என்ற கேள்வி வரக்கூடாது என்பதற்காக.

இனி நிறம். இதை எழுத எனக்கு ஆசை. திரையில் மெரூன் 128-0-32 என்ற எண்களில் இருக்கிறது. அச்சுக்கு மை வீதம் 25-100-75-40. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்தேன். ஆனால் பை அடிக்கிறவர் மையைக் கலப்பது டப்பாவில், குச்சியால், கண்ணால் பார்த்து. அவரிடம் எண்ணைக் கொடுத்து என்ன செய்ய? அந்த மெரூன் உண்மையில் ராத்தாவின் சாரன் நூலில் இருந்து நான் எடுத்தது. எனவே அதே நூலில் விரல் நீளத் துண்டுகள் பத்து வெட்டி, பத்து அட்டையில் சுற்றி ஒட்டி, "இதைப் பார்த்துக் கலக்கவும்" என்று எழுதி பென் டிரைவோடு ஒரு உறையில் போட்டேன். நான் இதுவரை எந்த வாடிக்கையாளருக்கும் கொடுத்ததில் மின்வெட்டிலும் ஹார்ட் டிஸ்க் சாவிலும் கெடாத ஒரே பைல் அதுதான்.

உறையில் இன்னொரு தாள். தமிழில், பெரிய எழுத்தில்: பிளெக்ஸ் கடை என்றால் "அச்சுக்கு" போல்டர். முத்திரை என்றால் "ஒரே நிறம்". வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்ப வேண்டாம், டொக்கியுமென்ட்டாக அனுப்புங்கள். யாராவது "நாங்க புதுசா அடிச்சுத் தாறம்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இவை எல்லாம் கூகுள் டிரைவிலும் கிடக்கின்றன, லிங்க் தம்பியிடமும் ராத்தாவின் மகளிடமும்.

காசு

இரண்டாம் முறைக்குக் காசு வாங்கவில்லை. முதல் முறை வாங்கியது இதற்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டேன். பலகையைத் திரும்ப அடித்த செலவில் பாதி தருகிறேன் என்றேன். ராத்தா ஏற்கவில்லை, பதிலுக்கு ஒரு சாரன் கொடுத்துவிட்டார். கணக்கு இன்னும் தலைகீழாகிவிட்டது.

அதற்குப் பிறகு என் விலை கூடியிருக்கிறது, வெறும் வேலை என்று இல்லாமல் எல்லாம் அடங்கிய ஒரு பொதி என்று எழுதிக் கொடுப்பதால். லோகோவுக்கு மூன்று திருத்தம், நான்கு போல்டர், ஒரு தாள், எப்போது, எந்த வடிவில் என்று முதலில் கொடுக்கிற கொட்டேஷனிலேயே வரும். "ஒரு லோகோவுக்கு இவ்வளவா, எங்கட ஊர்ப் பொடியன் ஆயிரத்துக்குச் செய்வான்" என்று போய்விடுகிறவர்களும் உண்டு. போகட்டும். சிலர் பிளெக்ஸ் அடித்தபின் திரும்பி வருகிறார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கொழும்பில் நெய்வித்த லேபிளின் முதல் மாதிரியில் சுழி வருகிற எழுத்துகளின் உள்வெளி அடைத்துப்போய் வந்தது. கோட்டைத் தடிப்பாக்கிய கையோடு சுழியையும் திறந்துவிட்டிருக்க வேண்டும். லேபிளுக்கென்று எழுத்தை அகட்டி ஐந்தாவது போல்டர் ஒன்று செய்தேன். இரண்டாவது மாதிரியைப் பார்த்து ராத்தா "பரவாயில்ல" என்றார். அவர் வாயில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

போன மாதம் கல்முனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு வான் கடந்து போனது. பக்கவாட்டில் நாடா, பெயர், நெசவு, கொம்பு கொம்பின் இடத்தில். ஸ்டிக்கர் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை, எதுவும் கேட்கவுமில்லை. மெரூன் மட்டும் ஒரு சாயல் கூடுதலாகச் சிவந்திருந்தது. அன்றிரவு போன் எடுத்துக் கேட்டேன்.

"ஸ்டிக்கர் சீட்டு ரோலில வாற நிறம்தானே தம்பி, கலக்க ஏலாது எண்டாங்க. நூல் அட்டையைக் கொண்டுபோய் ஒவ்வொரு ரோலிலயும் வச்சுப் பார்த்து, கிட்ட வாறத நானே எடுத்தன்" என்றார் ராத்தா.